நாலரைப் பெட்டி

என் கடையில் லேபிள் ஒட்டாத பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. இந்த ஊரில் என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயம்தான் சொல்வார்கள். நயினாரம்மாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஒன்று. நயினாரம்மா ஒட்டின லேபிள் பொய் சொல்லாது என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மறுக்க மாட்டேன்.

செஞ்சி காந்தி பஜாரில் கீழே கடை, மாடியில் வீடு. டிவியில் சொருகி, கையில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு விளையாடுவார்களே, அந்த கேம் பெட்டிகளைப் பழசாக வாங்கிச் சரிபார்த்து விற்கிறேன். என் பெயர் சுதர்சனா; இந்தப் பக்கம் சமணர்களை நயினார் என்பதால் ஊருக்கு நயினாரம்மா. வீட்டுக்காரர் விருஷபதாஸ் மல்லாட்டை வியாபாரி, மற்ற ஊரில் நிலக்கடலை என்பார்கள். விடிந்ததும் மார்க்கெட் கமிட்டிக்குப் போனால் பொழுது சாய்ந்த பிறகுதான் வருவார். நாற்பத்தேழு வயதுப் பொம்பளைக்கு எதற்கு இந்த விளையாட்டுச் சாமான் கடை என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டவர்களுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுதினால் நன்றாக இருக்காது.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டிகளுக்குத் தலைமுறைக் கணக்கு உண்டு. மூன்றாம் தலைமுறை, நாலாம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை என்று வரிசையாக வரும். ஒரு தலைமுறையின் விளையாட்டு இன்னொன்றில் ஓடலாம், ஓடாமலும் போகலாம். அதுவரைக்கும் எனக்குத் தகராறு இல்லை. நாலாம் தலைமுறை வந்து மூன்றாம் வருஷம், கம்பெனிக்காரன் அதே பெட்டிக்குள் பலமான சிப்பை வைத்து, பேருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டி இறக்கினான். இது புதுத் தலைமுறையா என்று கேட்டால் இல்லை என்றான். அப்போது பழசுதானா என்றால் அதுவும் இல்லை, மேம்படுத்தப்பட்டது என்றான். வாங்க வருகிறவனிடம் நான் என்னவென்று சொல்வது? ஒரு வெள்ளைத் தாளைக் கத்தரித்து 'நாலரை' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

அப்போது என் மகள் ஜினப்பிரியா காலேஜில் முதல் வருஷம். லேபிளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, தலைமுறையில அரை கெடையாதும்மா. யாராவது பாத்தா சிரிப்பாங்க."

"சிரிக்கிறவன் வேற கடைக்குப் போவட்டும். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இருக்குது. அப்ப நாலரைதான்."

"ஒலகத்துலயே உன் கடையில மட்டும்தான் நாலரை இருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டும். இன்னா இப்ப?"

அவள் சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்து, எனக்கு இன்னும் நாலு துண்டு தாள் வெட்டிக் கொடுத்தாள். அப்படித்தான் நாங்கள் இருந்தோம்.

அடுத்த தலைவலி வி.ஆர். கண்ணை மூடிக் கட்டுகிற மாதிரி ஒரு ஹெட்செட். அதை மாட்டிக்கொண்டால் எதிரில் இருக்கிற சுவர் காணாமல் போய்விடும். விளையாட்டு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் நம்மைச் சுற்றி நிற்கும். நாலு, நாலரை இரண்டின் அட்டையிலும் 'வி.ஆர். ஆதரவு உண்டு' என்று ஒரே மாதிரி அச்சடித்திருந்தான். உண்டுதான், யார் இல்லை என்றது. ஆனால் நாலில் மாட்டினால், நாம் தலையைத் திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் உள்ளே இருக்கிற உலகம் திரும்பும். குடலைப் புரட்டிக்கொண்டு வரும். நான் போட்டுப் பார்த்து, பட்டுத் தெரிந்துகொண்டு எழுதினேன்: 'நாலு - வி.ஆர். ஒட்டும், தலை சுற்றும்.' 'நாலரை - வி.ஆர். ஓடும்.'

போன மார்கழியில் அவலூர்பேட்டை பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிற தாண்டவராயன் ஒரு ஹெட்செட்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இத நீங்களே வச்சிக்கங்க. எனக்கு வாணாம்."

"இன்னா ஆச்சு?"

"பதினெட்டு வருஷமா ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டு டிக்கெட் கிழிக்கிறேன். ஒரு நாள் வாந்தி எடுத்ததில்ல. இத மாட்டி அஞ்சு நிமிஷம்கூட ஆவல, பொண்டாட்டி முன்னாடி மானம் போச்சு."

"எந்தப் பெட்டியில மாட்டினீங்க?"

"நாலாம் தலைமுறைதான். வெளியூர்ல வாங்கினேன். அட்டையில ஆதரவு உண்டுன்னு போட்டிருந்தான்."

"அட்டையில போட்டிருந்தானா? இந்தக் கடை வழியா தெனம் நாலு தடவ போறீங்களே, உள்ள வந்து என் லேபிளப் படிக்கறதுக்கு இன்னா கேடு?"

பாவம், அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வைதவள் நான்தான், பிறகு மனசு கேட்காமல் அந்த ஹெட்செட்டுக்கு ஈடாக அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலைந்து கேம் டிஸ்க் கொடுத்து அனுப்பியதும் நான்தான். ஹெட்செட் என் அலமாரியில் உட்கார்ந்தது.

இனி என் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வழக்கம். இப்போது எல்லா வீட்டிலும் கடைப்பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன், நான் கடைப்பிடிக்கிறேன். விளக்கு வைத்த பிறகு என் அடுப்புக்கும் வேலை இல்லை, வாய்க்கும் வேலை இல்லை, தண்ணீர் மட்டும் உண்டு. வீட்டுக்காரர் காலையிலேயே எடுத்துப்போன கேரியரைக் கமிட்டியில் வைத்து வெளிச்சத்தோடு முடித்துக்கொள்வார். நான் சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து, மறுபடி கடை திறப்பேன். பஜார் முழுக்க இது தெரியும்.

இரண்டேகால் வருஷத்துக்கு முன்னால் ஜினப்பிரியா தன்னோடு சென்னையில் வேலை பார்க்கிற ரஞ்சித்தை வீட்டுக்கு அழைத்து வந்தாள். இங்கே பக்கத்தில் வல்லத்துப் பையன். நெல்லும் மல்லாட்டையும் பயிர் வைக்கிற குடும்பம். அவன் அப்பா என் வீட்டுக்காரரிடமே மூட்டை போடுகிறவர். பையனிடம் குறை சொல்ல எனக்கு நியாயமான காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. நியாயமான காரணம் கிடைக்காதபோதுதான் எனக்கு வாய் நீளும். "வெளக்கு வச்சப்புறம் சோறு திங்கிற வீட்டுக்கு என் பொண்ண அனுப்ப மாட்டேன்" என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னேன். நாயை விரட்டுகிற குரலில் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜினப்பிரியா கத்தவில்லை, அழவில்லை.

"சொன்னத அவர்கிட்டயே வாபஸ் வாங்கிக்கம்மா. நீயா கூப்புடற வரைக்கும் நான் இங்க வரமாட்டேன்."

"போ" என்றேன். போய்விட்டாள்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம். வீட்டுக்காரர் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நான் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, கிழியாத லேபிளையெல்லாம் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறோம் என்று நழுவினார்கள்.

எனக்கு என் பெண் வேண்டும். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்த நாட்களுக்குக் கணக்கில்லை. முதல் வார்த்தை என்ன என்பது தெரியவில்லை. இத்தனை பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

அவள் பேச்சை என்னிடம் எடுக்கக் கூடாது, என் பேச்சை அவளிடம் எடுக்கக் கூடாது என்று வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டிருந்தேன். சாது மனிதர், இரண்டாவதை அப்படியே காப்பாற்றினார். முதலாவதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மகளோடு போனில் பேசிவிட்டு வந்த நாளில், சுவரில் மாட்டியிருக்கிற காலண்டருக்கு எதிரே நின்றுகொண்டு அதனிடம் சேதி சொல்வார். நான் கேட்காத மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். குழாயை மட்டும் மூடி வைப்பேன்.

தை பிறந்த வாரத்தில் ஒரு நாள் காலண்டரிடம் சொன்னார். "பிப்ரவரி இருவதாம் தேதி ரெண்டு பேரும் போலந்து போறாங்களாம். கம்பெனி அனுப்புது. மூணு வருஷமாம். அதுக்குள்ள யாராவது ஒரு போன் போட்டுக் கூப்புட்டா நல்லா இருக்கும்."

என் கையில் இருந்த தட்டு தொட்டியில் விழுந்தது.

"காலண்டருக்கு நாக்கு இருந்தா கூப்புடச் சொல்லுங்க" என்றேன்.

அவர் படுக்கப் போனார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று வருஷம். இங்கே சென்னையில் இருக்கும்போதே ஒரு வார்த்தை பேச முடியாதவள், அவள் கடல் தாண்டிப் போன பிறகு என்ன பேசிக் கிழிக்கப் போகிறேன் என்று புரண்டுகொண்டே கிடந்தேன்.

இரண்டு நாள் கழித்து காலண்டருக்கு இன்னொரு சேதி கிடைத்தது. "நம்ம பொண்ணு கம்பெனி ஒரு கேம் வுட்டிருக்குதாம். ஏரியில படகு ஓட்டறதாம். வி.ஆர்.ல மட்டும்தான் ஓடுமாம். அதுவும் மேம்படுத்தின பெட்டியா இருந்தாத்தானாம். எதுல ஓடும், எதுல தலை சுத்தும்னு மாட்டி மாட்டிப் பாத்து முத்திரை போட்டதே நம்ம புள்ளதானாம்."

அவர் போன பிறகு நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் பெண்ணும் லேபிள் ஒட்டுகிற வேலைதான் பார்க்கிறாள். பெரிய கம்பெனி, பெரிய சம்பளம் என்றெல்லாம் கேட்டபோது வராத பெருமை அன்றைக்கு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

கீழே அலமாரியில் ஹெட்செட் இருந்தது. நாலரைப் பெட்டியும் ஒன்று இருந்தது. மறுநாள் சாயங்காலம் நாலேகால் மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த கேமை வாங்கிப் பெட்டியில் ஏற்றி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்துவிடுவது என்று எண்ணம்.

ஏரி நன்றாக இருந்தது. கரையில் பாறை, பாறை மேல் ஒரு சின்னக் கோயில், பனமலையில் இருக்கிற மாதிரி. தண்ணீர் மேல் சாய்வாக நாலு மணி வெயில். நான் தலையைத் திருப்பினால் ஏரியும் கூடவே திரும்பியது. ஒரு இம்மி பின்தங்கவில்லை. குனிந்தேன், சட்டென்று நிமிர்ந்தேன், வேண்டுமென்றே தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். தலை சுற்றவே இல்லை. சரியாகத்தான் பார்த்திருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

படகை எடுத்துக்கொண்டு போனேன். போகப் போக எனக்கு ஒன்று தோன்றியது. இந்தக் கரையில் ஒரு கல் பாக்கி இல்லாமல் என் பெண் வந்து நின்றிருப்பாள். இந்தத் துறையில் இறங்கினால் காலடி ஆடுகிறதா, அந்த மரத்துக்குக் கீழே போனால் கண் கூசுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்திருப்பாள். அவள் நின்ற இடத்தில்தான் நான் நிற்கிறேன். இரண்டேகால் வருஷமாக அவள் கால் பட்ட தரை எதையும் நான் மிதித்ததில்லை. அதனால் எல்லா இடத்துக்கும் போனேன். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். மறுபடி இன்னொரு சுற்று.

வேலை செய்தவர்கள் பெயரெல்லாம் ஒரு இடத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். தேடிக் கண்டுபிடித்தேன். தண்ணீருக்கு மேலே வரிசையாகப் பெயர்கள் எழும்பின. சோதனை என்பதற்குக் கீழே மூன்றாவது பெயர்: ஜினப்பிரியா விருஷபதாஸ். முகத்துக்கு நேரே, கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. தொடலாம் என்று கையை நீட்டினேன். கடை மேசையில் விரல் முட்டி இடித்து உயிர் போனது. வலித்தாலும் கையை எடுக்க மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை நேரம் இருந்தேன் என்று கேட்டால், நான் கடிகாரம் பார்க்கிறவள் இல்லை. சின்ன வயதிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சாப்பிட எழுந்திருப்பேன். சுவரில் வெயில் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் எனக்கு மணி. ஏரியில் வெயில் இன்னும் சாய்வாக, அதே இடத்தில்தான் இருந்தது. இன்னும் நேரமிருக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது என்று மூன்றாவது சுற்றும் போனேன்.

யாரோ தோளைத் தொட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்றினால் வீட்டுக்காரர் நிற்கிறார். கடைக்குள் டியூப்லைட் எரிகிறது. ஷட்டருக்குக் கீழே தெரு கும்மிருட்டு.

"மணி ஏழு பத்து" என்றார். "சாப்டியா?"

நான் மாடிப் பக்கம் பார்த்தேன். மாடியில் சாப்பாடு மூடி வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, நோன்பு நாள் தவிர, சாயங்காலச் சாப்பாட்டை நான் விட்டதில்லை. ஜுரத்தில் கிடந்தபோதுகூட வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு வாய் கஞ்சி குடித்தவள். வீட்டுக்காரர் டிவியில் ஓடிக்கொண்டிருந்த ஏரியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போனார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பசி வந்தால் என் கோபத்துக்குக் கொம்பு முளைக்கும். யார் மேல் காட்டுவது? கம்பெனிக்காரன் மேல் காட்டினேன். கடைக் கம்ப்யூட்டரில் அவர்கள் தளத்தைத் திறந்தால் குறை சொல்வதற்கு ஒரு பக்கம் இருந்தது. தமிழிலேயே எழுதினேன்.

'உங்கள் ஏரியில் பொழுதே சாய்வதில்லை. எப்போது பார்த்தாலும் நாலு மணி வெயில். வெளிச்சத்தைப் பார்த்து வேளைக்குச் சாப்பிடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் வெயிலை நம்பி ஒரு பொம்பளை இன்றைக்குப் பட்டினி. அட்டையில் வி.ஆர். ஆதரவு என்று போட்டால் போதாது. உள்ளே போனால் வெளியே இருட்டுவது தெரியாது என்று லேபிள் ஒட்டவும். மற்றபடி படம் ஆடவில்லை, தலை சுற்றவில்லை. அதைச் சோதித்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள்.'

பெயர் கேட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் என்று போட்டேன். ஊர் கேட்டிருந்தார்கள், போடவில்லை. பதில் அனுப்பக் கடையின் மெயில் முகவரி கேட்டார்கள்; அது நான் கடையை வாங்குவதற்கு முன்னால் இருந்த ஆள் வைத்தது, அதில் என் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, வெறும் நம்பர்தான், கொடுத்தேன். கருவியின் தலைமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. கை பழக்கத்தில் நாலரை என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் மதியம், ஒரு கன்ட்ரோலரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. அதுவும் தமிழில்.

'அன்புள்ள வாடிக்கையாளருக்கு, தமிழில் இருந்ததால் உங்கள் புகார் என்னிடம் வந்தது. வெளியே பொழுது சாய்வதை உள்ளே இருப்பவருக்குத் தெரிவிக்கும் வசதியை அடுத்த பதிப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். கருவியின் தலைமுறை என்ற இடத்தில் நாலரை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். எங்கள் பட்டியலில் அப்படி ஒரு தலைமுறை கிடையாது. தலைமுறையில் அரை இல்லை என்று பல வருஷத்துக்கு முன்பே ஒரு கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. அன்றைக்கு அதற்கப்புறம் எப்போது சாப்பிட்டீர்கள்? அது தெரியாமல் இந்தப் புகாரை முடிக்க முடியவில்லை. இப்படிக்கு, ஆதரவுக் குழு.'

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். மறுபடி கழற்றித் துடைத்தேன். பிறகு கமிட்டிக்குப் போன் போட்டேன்.

"அவகிட்ட நீங்க சொன்னீங்களா?"

"இன்னா சொன்னேன்?" என்றார் வீட்டுக்காரர். பின்னால் எடை போடுகிற சத்தம் கேட்டது.

"நான் பட்டினி கெடந்தத."

"சத்தியமா இல்ல, சுதா. உன் பேச்ச எடுக்கக் கூடாதுன்னு நீதான சொல்லியிருக்க. ஏன், இன்னா ஆச்சு?"

"மெயில் அனுப்பியிருக்கா. எப்ப சாப்ட்டேன்னு கேட்டு அனுப்பியிருக்கா."

யாரிடமோ எடையை நிறுத்தச் சொன்னார்.

"கேட்டது அந்தப் புள்ள" என்றார் அவர். "நீ எனக்கு எதுக்குப் போன் பண்ணிக்கிட்டு இருக்க?"

வைத்துவிட்டார். இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் முதலில் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

ஷட்டரை முழுசாக இறக்கினேன். அவள் நம்பரை எடுத்தேன். முதல் வார்த்தைக்கு இந்தத் தடவை நான் தேட வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்டிருந்தாள், பதில் சொன்னால் போதும். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் அலோ சொல்வதற்குள் முந்திக்கொண்டேன்.

"மறுநாள் காலையில ஏழு மணிக்கு" என்றேன்.

"அதுவரைக்கும் சும்மாவா படுத்திருந்த?" குரல் உடைந்துதான் வந்தது.

"தண்ணி குடிச்சேன்."

"ஏழு மணிக்கு இன்னா சாப்ட?"

"இட்லி."

"எத்தன?"

"நாலு."

"நாலா, நாலரையா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி ஒரு சத்தம் போட்டாள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன், பக்கத்துக் கடைக்குக் கேட்கப் போகிறதே என்று.

"நீ எப்ப சாப்டற?" என்று கேட்டேன். இரண்டேகால் வருஷமாகக் கேட்க வேண்டும் என்று இருந்த கேள்வி.

"ஆபீஸ்லதாம்மா. அஞ்சே முக்காலுக்கு டப்பாவத் தொறந்துடுவேன். எல்லாம் கிண்டல் பண்ணும். காலையில அவருதான் எனக்கு ரெண்டு டப்பா கட்டித் தராரு, மதியத்துக்கு ஒண்ணு, பொழுதோட சாப்புட ஒண்ணு. ஒரு நாள் மறந்ததில்ல."

எனக்கு அப்படியே முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் நான் அப்படிச் சொன்னேன். என் பெண் வெளிச்சத்தோடு சாப்பிட வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்து டப்பா கட்டுகிறவனை, அவன் வீட்டுச் சோற்றைச் சொல்லி விரட்டினேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, உடம்பு கூசியது.

"ஜினா, சனிக்கிழம வா."

"நான் மட்டுமா?"

"ரெண்டு பேரும்."

என் மகள் ஆயிற்றே, லேசில் விடுவாளா.

"சனிக்கிழம அர நாள் ஆபீஸ் இருக்குதும்மா. மூணு மணிக்குக் கெளம்பினா அங்க வர ஏழு ஆயிடும். பொழுது போயிடும். நான் வழியிலயே சாப்ட்டுக்குவேன். அவரு எட்டு மணிக்கு முன்னாடி சாப்புட மாட்டாரு."

அவள் என்ன கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் என்னை வாபஸ் வாங்கச் சொன்னது தன்னிடம் இல்லை, அவனிடம்.

"ரஞ்சித் பக்கத்துல இருக்கிறாரா?"

"இருக்கிறாரு."

"போன அவர்கிட்ட குடு."

ஏதோ குசுகுசுவென்று கேட்டது. பிறகு ஒரு செருமல்.

"சொல்லுங்க அத்தை."

அத்தை என்று சொன்னான். அந்த வார்த்தையை நான் அவனுக்குக் கொடுத்ததே இல்லை. அவனாக எடுத்துக்கொண்டு இத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். "சனிக்கிழம வாங்க. ஏழானாலும் சரி, எட்டானாலும் சரி. வெளக்கு வச்சப்புறமும் அடுப்பு எரியும். தோசை சுடச்சுட ஊத்தித் தரேன். எனக்குத்தான் அந்நேரம் சாப்புடக் கூடாது. நீங்க சாப்புடறத நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கறேன்."

"சரிங்க அத்தை" என்றான் ரஞ்சித். பிறகு, மெதுவாக, "மல்லாட்டைச் சட்னி கெடைக்குமா?" என்று கேட்டான்.